ஒயர் டிரில்லா, பேட்டரி டிரில்லா? வேலையை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

டிரில்லிங் மெஷின் வாங்கப் போனால் ஒரு பெட்டியில் 600 வாட் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 18 வோல்ட் என்று போட்டிருக்கும். எது பெரிது என்று இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. முழமும் படியும் போல அவை வேறு வேறு அளவைகள். வாட் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. வோல்ட் என்பது பேட்டரிக்குள் எத்தனை செல்களை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள் என்பதன் கணக்கு. ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்து செல் சேர்ந்தால் 18 வோல்ட். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று எழுதியிருப்பதும் இதே ஐந்து செல்தான். முழு சார்ஜில், பளு ஏறாத நிலையில் உள்ள எண்ணைப் போட்டிருக்கிறார்கள். 12 வோல்ட் என்று வருவது மூன்று செல். வேலை நேரத்தில் அது 10.8 வோல்ட் மெஷின்.

ஒயர் மெஷினின் பலம், நிற்காமல் ஓடும் நேரம். பேட்டரி மெஷினின் பலம், குறைந்த வேகத்தில் கிடைக்கும் முறுக்கு, அதாவது திருப்பும் விசை. ஒயர் இழுக்காமல் எங்கும் எடுத்துப் போகலாம் என்பது வசதிதான், ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கினால் தவறான மெஷின் கைக்கு வரும்.

முறுக்கு எங்கிருந்து வருகிறது

சாதாரண 600 வாட், 13 மி.மீ. சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் முன்பகுதி) கொண்ட ஒயர் மெஷினில் கியர் ஒன்றே ஒன்று. பளு இல்லாமல் நிமிடத்துக்கு 2800 முதல் 3000 சுற்று வரை ஓடும். உள்ளே போகும் 600 வாட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 300 வாட்தான் சக்கில் வேலையாக வெளியே வருகிறது. மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். பளு ஏறி 1500 சுற்றில் ஓடும்போது அந்த 300 வாட்டைக் கணக்கிட்டால் முறுக்கு 2 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. வேகம் இன்னும் இறங்கி நின்றுபோகும் கட்டத்தில் இதைவிடக் கூடும் என்றாலும், அந்த நிலையில் ஓட்டினால் மோட்டார் தாங்காது.

பேட்டரி மெஷினுக்குள் இரண்டு கியர் இருக்கும். மேலே உள்ள பொத்தானில் 1 என்று வைத்தால் சுமார் 400 முதல் 500 சுற்று, 2 என்று வைத்தால் 1500 முதல் 2000 சுற்று. 12 வோல்ட் மெஷினில் 30 நியூட்டன் மீட்டர், நடுத்தர 18 வோல்ட் மெஷினில் 50 முதல் 60 நியூட்டன் மீட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது முதல் கியரில் சக் நின்றுபோகும் கணத்தின் உச்ச அளவு. தொடர்ந்து கிடைக்கும் அளவு இல்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும், நீளத் திருகை மரத்தில் இறக்குவதற்கும் 60 மி.மீ. ஹோல் சாவை (வட்டத் துளை வெட்டும் கிண்ண வடிவ ரம்பம்) திருப்புவதற்கும் ஒற்றைக் கியர் ஒயர் மெஷினைவிட 18 வோல்ட் பேட்டரி மெஷின் சரியாக அமைகிறது.

ஒயர் மெஷினின் டிரிகரைப் பாதி அழுத்தி மெதுவாக ஓட்டலாமே என்று தோன்றும். டிரிகர் கியரை மாற்றுவதில்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத்தான் குறைக்கிறது. வேகத்தோடு பலமும் போய்விடும். இன்னொரு கெடுதலும் உண்டு. மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறி அதே தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் காற்று குறையும், பளு கூடினால் சூடு ஏறும், இரண்டும் சேர்ந்து, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் கருகும். வாசனை வந்தபின் நிறுத்துவது தாமதம். கைப்பிடிக்கு மேலுள்ள உடல் தொட முடியாத அளவு சூடானால், சக்கில் பளு இல்லாமல் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று உள்ளே போய்ச் சூட்டைத் தணிக்கும். உடனே சுவிட்சை அணைத்துக் கீழே வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஒயர் மெஷினிலும் 850 வாட்டுக்கு மேல் சிலவற்றில் இரண்டு கியர் வருகிறது. ஹோல் சா வேலை நிறைய இருந்தால் அந்த வகையைத் தேடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும்

பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் உள்ளே இருக்கும் மொத்தச் சரக்கு தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி. கடுமையான வேலையில் மெஷின் 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் பேட்டரி 5 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், இரண்டாவது சுமார் 13 நிமிடமும் நிற்காமல் ஓடும். அலமாரி கோர்க்கும் வேலையில் இது நாள் முழுக்கப் போதும், ஏனென்றால் ஒவ்வொரு திருகுக்கும் மூன்று நான்கு நொடிதான் மெஷின் ஓடுகிறது. கான்கிரீட் கூரையில் வரிசையாகத் துளை போடும்போதும் பெயின்ட் கலக்கும்போதும் இது போதாது. ஒயர் மெஷினுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

பெரிய பேட்டரி நேரத்தை மட்டும் கூட்டுவதில்லை. 2 ஆம்பியர் மணி பேட்டரியில் ஐந்து செல். 4 ஆம்பியர் மணியில் பொதுவாகப் பத்து செல், இரண்டிரண்டாக இணைத்தது. பளு இரண்டு செல்லுக்கும் பங்காவதால் வோல்ட் அதிகம் சரியாது. ஒரே மெஷின், பேட்டரியை மாற்றியதும் ஹோல் சாவை இன்னும் திடமாகத் திருப்புவது இதனால்தான். ஆனால் எடை கூடும். தலைக்கு மேலே கையைத் தூக்கிச் செய்யும் வேலைக்குச் சிறிய பேட்டரியே நல்லது. சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை.

பேட்டரி டிரில் 1961லேயே சந்தைக்கு வந்துவிட்டது. நிக்கல் காட்மியம் காலத்தில் அது வெறுமனே வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும், பாதியில் பலம் குறையும். பேட்டரி மெஷின் என்றால் பலமில்லாதது என்ற பெயர் அப்போது வந்தது. லித்தியம் வந்தபின், தீரும் வரை ஏறக்குறைய ஒரே பலத்தில் ஓடி, தீர்ந்ததும் சட்டென நின்றுவிடுகிறது.

கான்கிரீட்டும் செங்கலும்

அதிகம் ஏமாற்றம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ‘ஹேமர்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு அமைப்புகளைக் குறிக்கிறது.

முதலாவது இம்பாக்ட் டிரில். சுத்தியல் படம் போட்ட பொத்தானைத் தள்ளினால் உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 40,000 அடிக்கு மேல்கூட வரும், ஆனால் ஒவ்வொரு அடியும் மிகச் சின்னது. நீங்கள் அழுத்தினால்தான் தகடுகள் சேர்ந்து அடிக்கும். 600 வாட் ஒயர் மெஷினிலும் ஹேமர் வசதி உள்ள 18 வோல்ட் மெஷினிலும் இருப்பது இதே அமைப்பு. வேகம் அதிகம் என்பதால் அடியின் எண்ணிக்கையில் ஒயர் மெஷின் முந்தும்.

இரண்டாவது ரோட்டரி ஹேமர். இதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று உள்ளிருக்கும் குண்டைத் தள்ளி பிட்டின் பின்புறம் அடிக்கிறது. நிமிடத்துக்கு 4000, 5000 அடிதான். ஆனால் ஒவ்வொரு அடியின் ஆற்றலும் 2 முதல் 3 ஜூல். அழுத்தத் தேவையில்லை, நேராகப் பிடித்தால் போதும். இதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் பிட்தான் பொருந்தும். பள்ளம் வெட்டிய 10 மி.மீ. காம்பு கொண்டது. சாதாரண சக்கில் அதை மாட்டக் கூடாது.

செங்கல் சுவரில் 6, 8 மி.மீ. துளைக்கு 18 வோல்ட் இம்பாக்ட் டிரில் தாராளம். பழைய, நன்கு இறுகிய கான்கிரீட்டில் அதே 8 மி.மீ. துளைக்கு ஒயர் இம்பாக்ட் டிரில்லே திணறும். பீம், தூண், கூரை என்றால் ரோட்டரி ஹேமர் எடுங்கள். ஒயரில் வருவதும் சரி, பேட்டரியில் வருவதும் சரி, அந்த வேலைக்கு இரண்டும் இம்பாக்ட் டிரில்லைவிடப் பல மடங்கு மேல். ஒயரா பேட்டரியா என்பதைவிட அடிக்கும் அமைப்பு எது என்பதுதான் கான்கிரீட்டில் முக்கியம்.

துளை போடும் முறை: சுவிட்சு பெட்டிக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ளே ஒயர் ஓடும் என்று எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தவிருங்கள். திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கின் நீளத்தோடு 10 மி.மீ. கூட்டி, பிட்டில் டேப் ஒட்டுங்கள். தூள் தங்குவதற்கு அந்த இடம் வேண்டும். ஹேமரை அணைத்து, மெதுவான வேகத்தில் சிறு குழி விழ வையுங்கள். பிறகு ஹேமர், முழு வேகம். 10, 15 மி.மீ. இறங்கியதும் ஓடும் நிலையிலேயே பிட்டை வெளியே இழுத்துத் தூளை எடுங்கள். தூள் உள்ளே அடைத்தால் பிட் சிவக்கச் சூடாகி நுனியின் கார்பைடு கழன்றுவிடும். டைல்ஸ் இருந்தால் அது முழுக்கத் துளைபடும் வரை ஹேமரைத் தொடாதீர்கள். உள்ளே பொந்துள்ள செங்கலுக்கும் இலகு பிளாக்குக்கும் ஹேமரே வேண்டாம். உள்சுவர் உடைந்து பிளக் பிடிக்காது.

நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது திடீரென நின்று, சத்தம் கூர்மையாக மாறினால் பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டிருக்கிறது. இன்னும் அழுத்தினால் பிட்தான் போகும். 25, 30 மி.மீ. தள்ளி வேறு துளை போடுங்கள். ரிவர்ஸில் வைத்து ஹேமரை ஓட்டுவதும் பிட்டைக் கெடுக்கும். கண்ணாடி கட்டாயம், தலைக்கு மேலே என்றால் இரட்டிப்புக் கட்டாயம்.

இரும்பு

இங்கே வேகக் கணக்கு தெரிந்தால் பிட் நீடிக்கும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டால் சாதாரண இரும்பில் துளைக்க, 8000ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுங்கள், வருவது ஏறக்குறைய சரியான சுற்று. 3 மி.மீ. பிட்டுக்கு 2600, 6 மி.மீ.க்கு 1300, 10 மி.மீ.க்கு 800. ஆகவே 4 மி.மீ. வரை ஒயர் மெஷினின் வேகம் அருமையாகப் பொருந்துகிறது. 10 மி.மீ. பிட்டை அதே 2800 சுற்றில் வைத்தால் நுனி நீலமாகி மழுங்கும். பேட்டரி மெஷினை இரண்டாவது கியரில் பாதி டிரிகரில் ஓட்டுவது மேல். துருப்பிடிக்காத எஃகுக்கு இந்த எண்களில் பாதிக்கும் கீழே இறங்குங்கள், அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகி, பிறகு எந்தப் பிட்டும் இறங்காது.

சென்டர் பஞ்சால் (சிறு குழி விழ வைக்கும் கூர்முனைக் கருவி) ஒரு குத்து, ஒரு சொட்டு எண்ணெய், 6 மி.மீ.க்கு மேல் என்றால் முதலில் 3 மி.மீ. வழித்துளை. தகட்டைக் கட்டாயம் கிளாம்பில் இறுக்குங்கள். பிட் மறுபக்கம் வெளியே வரும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். அப்போது அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். கையுறையோடு ஓடும் சக்கின் பக்கம் போகக் கூடாது. துணி சுற்றிக்கொண்டால் விரல் போகும்.

மரமும் திருகும்

மரத்தில் துளைக்க இரண்டுமே நல்லவை. பின்பக்கம் பிளவுபடாமல் இருக்க ஒரு வேண்டாத பலகையை அண்டக் கொடுங்கள், அவ்வளவுதான். திருகு முடுக்குவதில்தான் பேட்டரி மெஷின் தனியாக நிற்கிறது. சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் கிளட்ச். குறித்த முறுக்கு வந்ததும் கடகடவென்று நழுவி, திருகு மேலும் இறங்காமல் காக்கும். ஒயர் மெஷினில் பெரும்பாலும் கிளட்ச் இல்லை. சுவிட்சை விட்டபின்னும் கனமான ஆர்மேச்சர் ஓரிரு சுற்று சுற்றித் தலையைத் தேய்த்துவிடும்.

4 மி.மீ. திருகுக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., கடினமரத்தில் 3 மி.மீ. வழித்துளை போடுங்கள். முதல் கியர், கிளட்ச் 4 அல்லது 5. தலை மேலே நிற்கும்போதே நழுவினால் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். சமமாக உட்கார்ந்த எண்ணை அந்த மரத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். வளையத்தை டிரில் படத்தில் வைத்துவிட்டால் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் திருகு முடுக்கிவிட்டு ‘தலை தேய்ந்துவிட்டது’ என்று திருகைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இம்பாக்ட் டிரைவர் என்று தனியாக ஒன்று வருகிறது. பெயரைப் பார்த்துச் சுவரில் துளை போட வாங்கிவிடாதீர்கள். அது சுழலும் திசையில் அடிக்கிறது, முன்னோக்கி அடிப்பதில்லை. நீளத் திருகுக்கும் போல்ட்டுக்கும் அதைப் போல் வேறில்லை.

கை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து

பிட் சிக்கி நின்றால் மெஷின் சுழலும். ஒயர் மெஷினில் அதன் வேகமும், பேட்டரி மெஷினில் முதல் கியரின் முறுக்கும் மணிக்கட்டை உடைக்கப் போதுமானவை. பக்கக் கைப்பிடியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். 10 மி.மீ.க்கு மேல் எந்தத் துளைக்கும், எந்த ஹோல் சாவுக்கும் அதை மாட்டி, ஏணியில் நிற்பதானால் முகத்தின் பக்கம் மெஷின் திரும்பாத கோணத்தில் பிடியுங்கள்.

ஒயரைக் கையாளும் விதம்

சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுவதும் பிரித்த பிறகே மெஷினைச் செருகுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் உருகும். 30 மீட்டருக்குள், 700 வாட் மெஷினுக்கு 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். 1000 வாட் ரோட்டரி ஹேமரை 50 மீட்டர் தூரத்தில் 0.75 சதுர மி.மீ. ஒயரில் ஓட்டினால் 230 வோல்ட்டில் சுமார் 10 வோல்ட் வழியிலேயே போய்விடும், அங்கே 1.5 போடுங்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சு உள்ள பிளக்கில்தான் செருக வேண்டும். ஈரமான இடத்தில் ஒயர் மெஷினை எடுக்கவே வேண்டாம். பேட்டரி மெஷின் அங்கே பாதுகாப்பானது என்றாலும், சுவருக்குள் ஓடும் மின்சார ஒயரைத் துளைத்தால் அதுவும் காப்பாற்றாது.

பிட்டை மாற்றும் முன் பிளக்கைக் கழற்றுங்கள், பேட்டரி என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். சாவி போடும் சக்கில் மூன்று துளை இருப்பது மூன்றிலும் இறுக்குவதற்குத்தான். ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிட் வழுக்கி, அதன் காம்பு தேய்ந்து, அடுத்த முறை இன்னும் வழுக்கும்.

பேட்டரியை நீண்ட நாள் வைத்திருக்க

ஓட்டி முடித்ததும் சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜரில் போடாதீர்கள்; கையில் வெதுவெதுப்பு அடங்கட்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். லித்தியத்தை முழுக்கத் தீர்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்து வழக்கம்; இப்போது அது கெடுதல். பலம் குறைந்தது தெரிந்ததும் நிறுத்தி ஏற்றுங்கள். மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலியாகவே விட்டால் செல்லின் வோல்ட் மிகவும் இறங்கி, பிறகு சார்ஜர் அதை ஏற்க மறுக்கும். திருகும் ஆணியும் கிடக்கும் பெட்டிக்குள் பேட்டரியை மூடியின்றிப் போட்டால் முனைகள் இணைந்து தீப்பிடிக்கக்கூடும்.

புதிதாக வாங்கும்போது, பின்னாளில் வாங்கப் போகும் மற்றக் கருவிகளும் அதே பேட்டரியில் ஓடுமா என்று பாருங்கள். பேட்டரியும் சார்ஜரும்தான் செலவில் பெரும்பங்கு. பிரஷ்லெஸ் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோய்த் தேயும் கார்பன் பிரஷ் அதில் இல்லை, ஒரே சார்ஜில் கூடுதல் வேலையும் நடக்கும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் எடுத்துச் சுவரில் துளை போடுகிறவருக்கோ ஒயர் இம்பாக்ட் டிரில்தான் சரி. பத்து ஆண்டு பரணில் கிடந்தாலும் செருகினால் ஓடும்.

ஒயர் மெஷின் நின்றுபோனால்

முதலில் கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒயர் அங்கேதான் அதிகம் மடிந்து அறும். அசைத்தால் விட்டுவிட்டு ஓடும். அடுத்தது சுவிட்சு. மூன்றாவது கார்பன் பிரஷ். காற்றுத் துளை வழியாக உள்ளே வளையமாகப் பொறி பறந்தாலோ, தட்டினால் ஓடித் தட்டாவிட்டால் நின்றாலோ பிரஷ் தேய்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, இருபுறமும் உள்ள மூடித் திருகுகளைத் திறந்து வெளியே எடுங்கள். திறக்க மூடி இல்லாத மாடலில் உடலையே பிரிக்க வேண்டும். கார்பன் 5, 6 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கம் மட்டும் அழுத்தம் கூடி ஆர்மேச்சரின் செம்பு தேயும். புதியதன் அகலமும் பருமனும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். குழாய்க்குள் உராயாமல் தானே வழுக்கி இறங்குகிறதா என்று பார்த்து மூடுங்கள். முனை ஆர்மேச்சரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தும் வரை சிறு பொறி இருக்கும். பளு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பொறி அடங்கியதும் வேலைக்கு எடுக்கலாம்.